வாசகர் கேள்வி-பதில்: 'டபுள் இண்டெம்னிட்டி' படத்தில் மர்மம் எங்கே இருக்கிறது?

கேள்வி (வாசகி, கும்பகோணம்): 1944-இல் வெளிவந்த 'டபுள் இண்டெம்னிட்டி' என்ற ஹாலிவுட் படத்தில், தொடக்கத்திலேயே கொலையாளி தன் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறான். அதற்குப் பிறகு பார்ப்பதற்கு என்ன மர்மம் மிஞ்சுகிறது?

பதில்: கொலையாளி யார் என்பதை இயக்குநர் பில்லி வைல்டர் முதலிலேயே சொல்லிவிடுவதால்தான், அவன் எப்படி அகப்படப்போகிறான், அப்போது யாருடைய நம்பிக்கை உடையப்போகிறது என்பவற்றின்மீது நம் கவனம் குவிகிறது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், குண்டுக்காயத்தோடு இரவில் தன் அலுவலகத்துக்குள் நுழையும் காப்பீட்டு முகவர் வால்டர் நெஃப், பேச்சைப் பதிவுசெய்யும் டிக்டபோன் கருவியில் வாக்குமூலம் சொல்லத் தொடங்குகிறான். அவன் பேசுவது காவல்துறையிடம் அன்று. அதே நிறுவனத்தில் பொய்யான இழப்பீட்டுக் கோரிக்கைகளைக் கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்ட தன் நண்பர் பார்ட்டன் கீஸிடம். ஃபிலிஸ் என்ற பெண்ணோடு சேர்ந்து அவள் கணவனைக் கொன்று, அவன் ரயிலிலிருந்து தவறி விழுந்து இறந்ததாகக் காட்டினால், அவனுக்கே தெரியாமல் அவனிடம் கையெழுத்து வாங்கிய பாலிசியின்படி, இத்தகைய விபத்து மரணத்துக்குரிய இருமடங்குத் தொகை ('டபுள் இண்டெம்னிட்டி') கிடைக்கும் என்பது நெஃப் போட்ட கணக்கு.

அந்தக் கணக்கைக் கீஸ் படிப்படியாக அவிழ்ப்பதுதான் படத்தின் உயிர். நிறுவனத் தலைவர் இது தற்கொலை என்று வாதிடும்போது, மெதுவாகச் செல்லும் ரயிலிலிருந்து குதித்து எவரும் தற்கொலை செய்துகொண்டதில்லை என்று புள்ளிவிவரங்களை அடுக்கி மறுக்கும் அதே கீஸ், விபத்துக் காப்பீடு வைத்திருந்த மனிதர் தன் கால் முறிந்தபோது ஏன் இழப்பீடு கேட்கவில்லை என்ற ஒரே கேள்வியால் உண்மையை நெருங்கிவிடுகிறார். எல்லோரையும் சந்தேகிக்கும் அவர், பக்கத்திலேயே இருக்கும் நெஃப்பை மட்டும் சந்தேகிப்பதில்லை. எட்வர்ட் ஜி. ராபின்சன் கீஸ் பாத்திரத்தில் காட்டும் பரிவும் பரபரப்பும் இல்லாதிருந்தால், இது திறமையாக எடுக்கப்பட்ட மற்றொரு கொலைக்கதையாகவே நின்றிருக்கும் என்பது என் கருத்து.

கேள்வி (வாசகர், திருநெல்வேலி): இதன் ஒளிப்பதிவை ஏன் இவ்வளவு புகழ்கிறார்கள்?

பதில்: கலிஃபோர்னியாவின் பட்டப்பகல் வெயிலைக்கூட அச்சமூட்டுவதாக மாற்றியவர் ஒளிப்பதிவாளர் ஜான் எஃப். ஸைட்ஸ். ஃபிலிஸின் வரவேற்பறையில், சன்னல் தட்டிகளின் இடுக்குகள் வழியே நுழையும் வெளிச்சம் சுவரிலும் மனிதர்கள்மீதும் சிறைக்கம்பிகளைப் போல் விழுகிறது. காற்றில் தூசி மிதக்கும் அந்த வீட்டின் புழுக்கத்தைக் காட்ட அவர் அலுமினியத் துகள்களைப் பயன்படுத்தினார் என்பார்கள். எனினும் என்னை மிகவும் பாதித்தது, காமிரா காட்ட மறுக்கும் ஒரு செயல்தான்: காருக்குள் கணவன் கொல்லப்படும் நேரம் முழுவதும், சாலையைப் பார்த்தபடி ஓட்டிக்கொண்டிருக்கும், ஃபிலிஸாக நடித்த பார்பரா ஸ்டான்விக்கின் முகத்தை மட்டுமே நாம் பார்க்கிறோம். அந்த முகத்தில் படரும் நிறைவு, கொலையை நேரில் காட்டியிருந்தால் உண்டாகும் அதிர்ச்சியைவிடக் கொடியது.

கேள்வி (வாசகர், ஈரோடு): இது உண்மைச் சம்பவமா?

பதில்: நேரடியாக அன்று. 1927-இல் நியூயார்க்கில் ரூத் ஸ்னைடர் என்ற பெண், தன் காதலனோடு சேர்ந்து கணவனைக் கொன்ற வழக்கிலும் இதே இருமடங்கு இழப்பீட்டு விதி இடம்பெற்றது. அந்த வழக்கின் தாக்கத்தில் ஜேம்ஸ் எம். கெய்ன் எழுதிய குறுநாவலுக்கு, வைல்டரும் ரேமண்ட் சாண்ட்லரும் திரைக்கதை அமைத்தார்கள்.

கேள்வி (வாசகி, சேலம்): நெஃப் தூக்கிலிடப்படும் காட்சி படமாக்கப்பட்டு நீக்கப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா?

பதில்: தூக்கு அன்று, நச்சுவாயு அறை. கீஸ் பார்த்துக்கொண்டிருக்க அவன் மரணதண்டனை பெறும் காட்சியைப் பெரும் செலவில் எடுத்து, பிறகு வைல்டர் நீக்கிவிட்டார். அக்காலத் தணிக்கை அலுவலகம் அந்தக் காட்சியை விரும்பவில்லை என்பது உண்மையே. ஆனால், அதற்குப் பணிந்துதான் நீக்கினார் என்று நான் கருதவில்லை. படம் முழுவதும் கீஸின் சுருட்டுக்கு நெஃப்தான் தீக்குச்சி கிழிப்பான். இறுதியில் வாசலருகே வீழ்ந்துகிடக்கும் நெஃப்பின் சிகரெட்டுக்குக் கீஸ் தீக்குச்சி கிழிக்கிறார். அந்தச் செய்கையோடு அவர்களுக்கிடையே சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லப்பட்டுவிட்டபடியால், சட்டம் தரும் தண்டனையைத் தனியே காட்டுவது தேவையற்றது. நீக்கப்பட்ட காட்சியின் புகைப்படங்கள் இன்றும் கிடைக்கின்றன. அவற்றைப் பார்த்த பிறகும், வைல்டர் எடுத்த முடிவே சரியானது என்று உறுதியாகச் சொல்வேன்.