லேவில் வந்த தலைவலி குஸ்கோவிலும் வருமா?

கேள்வி: எனக்கு வயது 36. தோழியும் நானும் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு பெரு, பொலிவியா போகிறோம். லிமாவில் இறங்கி மறுநாளே பஸ்ஸில் குஸ்கோ, ஒரு நாள் ஓய்வு, அப்புறம் மச்சு பிச்சுவுக்குப் போகும் நான்கு நாள் இன்கா பாதை நடை, பிறகு பஸ்ஸிலேயே பூனோ, லா பாஸ். பிப்ரவரி கடைசி அல்லது மார்ச் என்று யோசிக்கிறோம். மூன்று வருடம் முன் விமானத்தில் லடாக்கின் லே போனபோது முதல் இரவே தலைவலி, வாந்தி. இந்த முறை பஸ்ஸில் மெதுவாகத்தானே ஏறுகிறோம், பிரச்சினை வராதுதானே? கோகா இலை டீ குடித்தால் போதும் என்கிறார்கள், உண்மையா? பிசிஓடிக்காக ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறேன். வேறு நோய் இல்லை.
– வாசகி, ஈரோடு

பதில்: பஸ் மெதுவாகத்தான் ஏறும். ஆனால் உடம்பின் கணக்கில் அது மெதுவே இல்லை. லிமா கடலோர ஊர். குஸ்கோ சுமார் 3,400 மீட்டர். நீங்கள் லேவில் படுத்துக்கிடந்த உயரமும் ஏறக்குறைய அதுதான். விமானத்தோடு ஒப்பிட்டால் அந்தப் பஸ் உங்களுக்குத் தருவது ஒரு நாள் அவகாசம், அவ்வளவுதான். உடம்பு பழகுவதற்குப் பல நாட்கள் வேண்டும்.

இன்னொன்று, நாஸ்காவைத் தாண்டியதும் அந்தச் சாலை 4,000 மீட்டருக்கு மேல் ஏறி, அபன்காய் ஊரில் 2,400க்கு இறங்கி, மறுபடியும் ஏறுகிறது. இதில் பாதி நீங்கள் போர்வைக்குள் தூங்கும்போது நடக்கும். விழிப்பு வந்தால் பையில் இருக்கும் சிப்ஸ் பொட்டலத்தை எடுத்துப் பாருங்கள், பலூன் மாதிரி உப்பியிருக்கும். வெளியே காற்றழுத்தம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். மேலேயும் காற்றில் ஆக்ஸிஜன் 21 சதவீதம்தான். அழுத்தம் குறைவதால், குஸ்கோவில் ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைப்பது கடலோரத்தில் கிடைப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு.

லேவில் உங்களுக்கு வந்தது மலைநோய். ஒருமுறை அது வந்தவருக்கு அதே வேகத்தில் ஏறினால் மறுபடியும் வரும் வாய்ப்பு அதிகம். அதனால் முதலில் வழியை மாற்றுங்கள், மாத்திரையை அப்புறம் பார்ப்போம். லிமாவிலிருந்து நேராகக் குஸ்கோ வேண்டாம். கடற்கரைச் சாலை வழியாக அரேக்கிப்பா போங்கள். அது 2,300 மீட்டர் சொச்சம், நம் ஊட்டி உயரம். அங்கே இரண்டு இரவு. பிறகு குஸ்கோ பஸ். இறங்கியதும் அங்கே அறை எடுக்காமல், வேன் பிடித்து கீழே உள்ள ஒயந்தைதம்போ ஊருக்கு இறங்கிவிடுங்கள், 2,800 மீட்டர். இரண்டு இரவு அங்கே தூங்கிவிட்டு குஸ்கோவுக்கு ஏறி இன்னும் இரண்டு இரவு. நீங்கள் பகலில் எவ்வளவு உயரம் போனீர்கள் என்பதைவிட இரவில் எங்கே தூங்கினீர்கள் என்பதுதான் முக்கியம். இந்த ஐந்தாறு நாள் இல்லாமல் நடையைத் தொடங்கினால், இரண்டாம் நாளே 4,215 மீட்டர் கணவாய் வந்து நிற்கும். உள்ளூர் கெச்சுவா மொழியில் அதற்கு ‘இறந்த பெண் கணவாய்’ என்று பெயர். பயப்படாதீர்கள், தூரத்திலிருந்து பார்த்தால் மலை முகடு ஒரு பெண் படுத்திருப்பதுபோலத் தெரியும், அதனால் வந்த பெயர்.

மாத்திரை: லேவில் நடந்ததை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு அசெட்டசோலமைடு நல்லது. இங்கே டயமாக்ஸ் என்ற பெயரில் 250 மில்லிகிராமில் கிடைக்கும். காலையில் பாதி, இரவில் பாதி. ஏறுவதற்கு முந்தைய நாள் தொடங்கி, மேலே போய் இரண்டு நாள் வரை. விரல் நுனி சுருசுருக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும். மருந்து வேலை செய்வதால் வருபவை இவை. சல்ஃபா மருந்தில் எப்போதாவது தடிப்பு வந்திருந்தாலோ, கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தாலோ, உங்கள் டாக்டரிடம் சொல்லாமல் எடுக்கக்கூடாது.

கோகா டீயைச் சூடாக, இதமாகக் குடிக்கலாம். மலைநோயைத் தடுக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: அதைக் குடித்தவரின் சிறுநீர்ப் பரிசோதனை கொகெய்ன் என்று காட்டக்கூடும். திரும்பி வந்ததும் அலுவலகத்தில் அப்படி ஒரு சோதனை இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள். இலையை நினைவுப்பொருளாக ஊருக்கும் கொண்டுவராதீர்கள், இங்கே அது குற்றம்.

வளைவுச் சாலையில் பஸ் குமட்டலும் வரும், அதனால் குழப்பம். பஸ் வாந்தி இறங்கிய ஓரிரு மணி நேரத்தில் அடங்கும். மலைநோய் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான், ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில், தலைவலியோடு ஆரம்பிக்கும். வந்தால் அன்று மேலே ஏறக்கூடாது. பாராசிட்டமால், தண்ணீர், ஓய்வு. மது, தூக்க மாத்திரை இரண்டும் வேண்டாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் கீழே இறக்க வேண்டும். இதைத் தோழியிடம் இப்போதே சொல்லிவையுங்கள், அந்த நிலையில் உங்களுக்கே அது தெரியாது. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் பீரோவில் கிடக்கும், அதையும் பையில் போட்டுக்கொண்டு போவீர்கள். குஸ்கோவில் 88 காட்டினால் அலறாதீர்கள். ஆளைப் பாருங்கள், எண்ணை அப்புறம் பார்க்கலாம்.

எனக்கு இதைவிடக் கவலை உங்கள் ஹார்மோன் மாத்திரைதான். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை, முப்பது மணி நேரத்துக்கும் மேலான விமானப் பயணம், அப்புறம் அடுத்தடுத்து ராத்திரி பஸ்கள். காலில் ரத்தம் உறைய இது போதுமான கூட்டணி. நீங்களாக நிறுத்த வேண்டாம்; மாற்று உண்டா என்று மகப்பேறு மருத்துவரைக் கேளுங்கள். பஸ்ஸில் சன்னலோரம் கேட்டு அடம்பிடிக்காமல் நடைபாதை ஓர இருக்கை வாங்குங்கள். மணிக்கு ஒருமுறை பாதத்தை மேலும் கீழுமாக இருபது தடவை அசையுங்கள். முழங்கால் வரையான அழுத்தக் காலுறை நல்லது. சிறுநீருக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

இன்கா பாதை முடிந்ததும் கெண்டைக்கால் இரண்டும் வலிக்கத்தான் செய்யும். பாதை போட்ட இன்கா மக்களிடம் சக்கர வண்டி இல்லை, லாமாவும் மனிதரும் மட்டுமே போன வழி, ஆகவே சரிவில் எல்லாம் செங்குத்தான கல் படிகள். ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் கதை வேறு. ஒரு இஞ்ச் டேப் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கெண்டைக்காலையும் ஒரே இடத்தில் அளந்து பார்த்து, மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தால் அடுத்த பஸ்ஸில் ஏறாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. பெரு, பொலிவியாவிலிருந்து சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுவார்கள். புறப்பட குறைந்தது பத்து நாள் முன்பு.

அப்புறம், பிப்ரவரியை மறந்துவிடுங்கள். அந்த மாதம் முழுக்க இன்கா பாதையை மூடிவிடுவார்கள். மார்ச்சிலும் மழை இருக்கும், மண் சரிந்து பஸ் நடுவழியில் நிற்கலாம். மாத்திரைகள் எல்லாம் மடியில் இருக்கும் பையில் இருக்கட்டும், பஸ்ஸின் அடியில் போடும் பெரிய பையில் அல்ல.