சாட்பாட்டிடம் கேள்வி கேட்டது யார்?

போன சனிக்கிழமை பினாங்கு பட்டர்வொர்த்திலிருந்து ஒரு குடும்பம் மேற்படிப்புக்கு என்னிடம் ஆலோசனை கேட்டு வந்தது. மகள் டாக்டராக சாட்பாட் போட்டுக் கொடுத்த திட்டத்தை அப்பா நாலு பக்கம் அச்செடுத்து வந்திருந்தார். ஓராண்டு அடிப்படைப் படிப்பு, ஐந்தாண்டு எம்.பி.பி.எஸ்., அப்புறம் ஹவுஸ்மன்ஷிப் என்ற மருத்துவமனைப் பயிற்சி. செமஸ்டர் வாரியாகப் பாடங்கள்கூட இருந்தன. "கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு சார். அவ மாமாவும் இதைத்தான் சொல்றாரு."

என்ன கேட்டீர்கள் என்றேன். போனைக் காட்டினார். 'என் மகள் டாக்டராக வழி சொல்.'

வழி கேட்டால் வழி சொல்லும் ஐயா. டாக்டராக ஆசையா என்று அந்தப் பிள்ளையை யாரும் கேட்கவில்லை. ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வில் உயிரியலில் B, இயற்பியலிலும் கணிதத்திலும் A. கட்டை விரலில் ஸ்க்ரூ டிரைவர் கீறிய தழும்பு. வீட்டில் மின்விசிறி நின்றுபோனால் இவள்தான் பிரித்துப் போடுவாளாம். அம்மா அதைக் குறையாகச் சொன்னார்.

தனியாரில் மருத்துவம் படிக்க லட்சக்கணக்கில் வெள்ளி வேண்டும். சேமநிதிப் பணத்தை எடுக்கலாம், வீட்டை அடகு வைக்கலாம் என்று அப்பா தொடங்கியதுமே நிறுத்திவிட்டேன். 2016 கடைசியிலிருந்து அரசு மருத்துவமனைகளில் புது டாக்டர்களை ஒப்பந்தத்தில்தான் எடுக்கிறார்கள். பிள்ளைக்கே விருப்பமில்லாத படிப்புக்கு உங்கள் ஓய்வுக்காலப் பணத்தைத் தொடாதீர்கள். இதில் எனக்கு மறுபேச்சே கிடையாது.

பல்கலைக்கழகம் போக மெட்ரிகுலேஷன், ஆறாம் படிவம் என்ற வழிகள் எல்லாருக்கும் தெரியும், விடுங்கள். பொலிடெக்னிக் என்றால்தான் நம் வீடுகளில் முகம் சுளிக்கிறார்கள். பெர்மாத்தாங் பாவில் செபராங் பிறை பொலிடெக்னிக் இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்தே போய்வரலாம். மின் பொறியியல் டிப்ளோமா மூன்றாண்டு. கட்டணம் செமஸ்டருக்கு 200 வெள்ளி அளவில்தான். சாப்பாட்டுச் செலவு தனி. பாடத்தோடு பட்டறை வேலையும் உண்டு. ஒரு செமஸ்டர் முழுக்கத் தொழிற்சாலையில் பயிற்சி. பினாங்குப் பாலம் தாண்டினால் பாயான் லெப்பாஸ், 1972-லிருந்தே மின்னணுத் தொழிற்சாலைகள் இயங்கும் இடம். டிப்ளோமாவில் நல்ல புள்ளி எடுத்தால் பல்கலைக்கழகத்தில் பட்டமும் படிக்கலாம். விண்ணப்பம் அரசின் உயர்கல்விச் சேர்க்கைத் தளமான யூ.பி.யூ. வழியாகத்தான்.

சாட்பாட்டைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. சேர்ந்த பிறகு அவளுக்கு நன்றாகவே உதவும். பொலிடெக்னிக் கொடுக்கும் பாடத்திட்டத் தாளை முழுசாக உள்ளே போட்டு, 'இந்தக் கணக்குப் பாடத்தில் தவறினால் அடுத்த செமஸ்டரில் எதையெல்லாம் எடுக்க முடியாது?' என்று கேட்கட்டும். தாளைக் கொடுக்காமல் கேட்டால், இல்லாத பாடத்தையும் இருப்பதுபோலச் சொல்லிவிடும். இந்த செமஸ்டரில் எந்தப் பாடம் திறக்கிறார்கள் என்பதும் அதற்குத் தெரியாது. வந்த பதிலை அவளுடைய கல்வி ஆலோசகரிடம் காட்டித் திருத்தி வாங்க வேண்டும். சாட்பாட் சொல்லும் தனியார் கல்லூரி எதுவானாலும், அந்தப் படிப்பு, படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் எம்.கியூ.ஏ. அமைப்பின் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு காசு கட்டாதீர்கள்.

கிளம்பும் முன் போனை மகளிடம் கொடுக்கச் சொன்னேன். 'எனக்கு சர்க்கிட் பிடிக்கும்' என்று தட்டத் தொடங்கினாள். அப்பா எட்டிப் பார்த்தார். முழுசாக எழுதி முடிக்கட்டும் ஐயா, கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.