கம்பெனி கட்டும் மெடிக்கல் இன்ஷூரன்ஸுக்கு வரி உண்டா?

கேள்வி (வாசகர், ஓசூர்): என் சி.டி.சி-யில் (கம்பெனி எனக்காக ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவுக் கணக்கு) ‘குரூப் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் – ரூ.18,000’ என்று காட்டியிருக்கிறார்கள். புதிய வரி முறையில் இருக்கிறேன். இதற்கும் வரி பிடிப்பார்களா?

பதில்: பிடிக்கக் கூடாது. ஊழியரின் மருத்துவக் காப்பீட்டுக்கு நிறுவனம் கட்டும் பிரீமியத்தை, 1961 வருமான வரிச் சட்டத்தின் 17(2) பிரிவே வரிக்குரிய சலுகைகளிலிருந்து விலக்கிவைத்திருக்கிறது. அந்தத் தொகை சம்பளக் கணக்குக்குள்ளேயே வராது என்பதால் பழைய முறை, புதிய முறை இரண்டுக்கும் இது பொருந்தும். நீங்களே பாலிசி எடுத்து, ரசீதைக் கொடுத்துப் பணத்தை நிறுவனத்திடம் திரும்ப வாங்கினாலும் இதே விதிதான். நிறுவனம் தரும் வரிச் சான்றிதழான படிவம் 16-உடன் வரும் 12பிஏ-வில் (சம்பளம் தவிர நிறுவனம் தந்த சலுகைகளின் பட்டியல்) இந்த ரூ.18,000 ஏறியிருந்தால் உடனே திருத்தித் தரச் சொல்லுங்கள். (2026 ஏப்ரல் 1-ல் தொடங்கும் வரியாண்டிலிருந்து 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம் வருவதால், பிரிவு எண்கள் மாறும்.)

கேள்வி (வாசகர், கோவை): அப்பாவுக்கு 68, அம்மாவுக்கு 62. கம்பெனி பாலிசியில் இருவரையும் சேர்த்தேன். பிரீமியம் ரூ.46,000, அதில் ரூ.20,000 கம்பெனி கொடுத்தது, மீதியை என் சம்பளத்தில் பிடித்தார்கள். 80டி-யில் (மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு வரிக் கழிவு தரும் பிரிவு) எவ்வளவு காட்டலாம்?

பதில்: உங்கள் கையிலிருந்து போன ரூ.26,000 மட்டும், அதுவும் பழைய முறையில் இருந்தால்தான். 60 வயது நிரம்பிய பெற்றோருக்கு உச்சவரம்பு ரூ.50,000. 20% வரி விகிதத்தில் இருப்பவருக்கு, செஸ் (வரியின் மேல் விதிக்கும் கூடுதல் தீர்வை) சேர்த்து ரூ.5,408 மிச்சமாகும். மீதமுள்ள ரூ.24,000-க்கு அவர்கள் பெயரில் தனி பாலிசி எடுத்தாலும் கழிவு உண்டு. பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டிவிடாதீர்கள், கழிவு கிடைக்காது.

பலர் சறுக்குவது ஆவணத்தில்தான். வருமான வரிப் படிவத்தின் 80டி பகுதியில் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும் பாலிசி எண்ணும் கேட்கிறார்கள். குரூப் பாலிசி எண் உங்கள் ஹெல்த் கார்டில் இல்லாமல் போகலாம். எச்.ஆரிடம் குரூப் பாலிசி எண், உங்கள் பங்குத் தொகை, யாருக்கான பிரீமியம் என்ற மூன்றும் உள்ள சான்றிதழாகவே கேட்டு வாங்குங்கள். பிடித்தம் தெரியும் சம்பளச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். படிவம் 16-ல் விட்டுப்போயிருந்தாலும், ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது நீங்களே காட்டலாம்.

பெற்றோரின் மருந்துச் செலவை இதே பிரிவில் காட்டலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். காப்பீடே இல்லாத மூத்த குடிமக்களுக்குத்தான் அந்த வழி. உங்கள் பெற்றோருக்குப் பாலிசி இருப்பதால் முடியாது.

கேள்வி (வாசகி, மதுரை): என் பெற்றோரைக் கணவரின் கம்பெனி பாலிசியில் சேர்த்து, அவர் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். நானும் வேலை பார்க்கிறேன். யார் கழிவு கேட்பது?

பதில்: இப்போதைய நிலையில் இருவருமே கேட்க முடியாது. மாமனார், மாமியாருக்குக் கட்டும் பிரீமியத்துக்கு 80டி இல்லை. நீங்களோ பணம் கட்டவில்லை. உங்கள் அலுவலகத்தின் பாலிசியில் அவர்களைச் சேர்க்க முடிந்தால் அடுத்த புதுப்பித்தலின்போது மாற்றுங்கள்; இல்லையென்றால் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்தே கட்டி, தனி பாலிசி எடுங்கள். பழைய பாலிசியிலிருந்து அவர்களை விலக்கும் முன் புதியதில் காத்திருப்புக் காலம் (ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காப்பீடு கிடைக்காத ஆரம்பக் காலம்) எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் ஏற்கெனவே இருந்தால், சில ஆயிரம் ரூபாய் வரியைவிட அதுதான் முக்கியம்.

கேள்வி (வாசகர், திருச்சி): மாதம் ரூ.1,250 மருத்துவப் படி தருகிறார்கள். பில் கொடுத்தால் வரி இல்லையாமே?

பதில்: ஆண்டுக்கு ரூ.15,000 வரையிலான அந்தச் சலுகையை 2018-19 நிதியாண்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது முழுத் தொகைக்கும் வரி உண்டு. அந்தப் பணத்துக்குப் பதிலாகக் காப்பீட்டு பிரீமியத்தைக் கட்டித் தர நிறுவனம் சம்மதித்தால், உங்களுக்கு லாபம்.