கண்புரை ஆபரேஷனில் கிருமி: கேட்டவர்களுக்குப் பதில்

சேலத்தில் கண் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக 17 வருடம் வேலை பார்த்திருக்கிறேன். கண்புரை ஆபரேஷனின்போது கிருமி தொற்றுவது பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அம்மாபேட்டையிலிருந்து: அம்மாவுக்கு அடுத்த வாரம் ஆபரேஷன். தியேட்டர் சுத்தமாக இருக்குமா என்றுதான் பயம், சிஸ்டர்.

பயம் நியாயம்தான். ஆனால் கண்ணுக்குள் போகும் கிருமி பெரும்பாலும் அம்மாவின் இமையிலும் இமைமுடி ஓரத்திலும் ஏற்கெனவே குடியிருப்பது. ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்று பெயர். தோலின்மேல் இருக்கும்வரை தொந்தரவு இல்லை. கண்ணுக்குள் நுழைந்தால் சீழ் பிடித்துப் பார்வையே போகலாம். அதற்குத்தான் பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி. இமையைச் சுற்றித் தோலில் 10 சதவீத மருந்தைத் தடவுவோம், கண்ணில் 5 சதவீதச் சொட்டு விடுவோம். விட்டவுடன் கழுவக் கூடாது. குறைந்தது 3 நிமிடம் இருந்தால்தான் கிருமி சாகும். எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் அந்த 3 நிமிடத்தைக் கடிகாரம் பார்த்துத்தான் விடுவேன். அதில் யார் அவசரப்படுத்தினாலும் எனக்குக் கோபம் வரும். அப்புறம் ஒட்டும் பிளாஸ்டிக் உறையால் இமைமுடி ஒன்றுகூட வெளியே நீட்டாமல் மடக்கி மூடுவோம். முடியை வெட்டத் தேவையில்லை.

அஸ்தம்பட்டியிலிருந்து: எனக்கு இறால் சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடிக்கும். அயோடின் ஆகுமா?

ஆகும். இறால் அலர்ஜி அதிலிருக்கும் புரதத்தால் வருவது, அயோடினால் அல்ல. இதற்கு முன் அயோடின் மருந்து தடவியே தோல் தடித்திருந்தால் மட்டும் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வேறு மருந்து இருக்கிறது.

ஏற்காடு நாகலூரிலிருந்து: அப்பாவை அத்தனை கொண்டை ஊசி வளைவும் இறக்கிக் கூட்டி வந்தோம். கண்ணில் நீர் வடிகிறது என்று ஆபரேஷன் செய்யாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது சரியா?

சரிதான். ஒருநாள் கூலியும் போய், வயதானவரை மறுபடி மலை ஏற்றிக்கொண்டு போவது எவ்வளவு வருத்தம் என்று புரிகிறது. ஆனாலும் கேளுங்கள். கண்ணீர் மூக்குக்குள் இறங்கும் வழி அடைத்திருந்தால், கண்ணீர்ப்பையில் சீழ் தேங்கும். மூக்கோரம் அழுத்தினால் அது கண்ணுக்குள் திரும்பி வரும். அந்த நிலையில் கண்ணைத் திறந்தால் கிருமிக்கு நாமே கதவு திறந்துவிட்ட மாதிரி. முதலில் அடைப்பைச் சரிசெய்யட்டும். கண்புரை பெரும்பாலும் சில வாரம் காத்திருக்கும். இமையோரம் பொருக்கு, பீளை இருந்தாலும் இதே கதைதான். அதற்குள் அப்பாவுக்குச் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து: ஒரே நாளில் பலருக்குச் செய்கிறார்கள். கருவிகள்?

ஒருவருக்குப் பயன்படுத்தியதைக் கழுவி ஆட்டோகிளேவில் நீராவி அழுத்தத்தில் வைக்காமல் அடுத்தவருக்கு எடுக்கக் கூடாது. 121 டிகிரியில் 15 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. பொட்டலத்தின் மேலுள்ள பட்டை நிறம் மாறாவிட்டால் அதைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புவோம்.

ஓமலூரிலிருந்து: ஆபரேஷன் முடியும்போது கண்ணுக்குள்ளேயே மருந்து ஊசி போடுவார்களாமே?

ஆமாம், நல்ல வழி. செஃபுராக்சைம் என்ற கிருமிக்கொல்லி மருந்தைப் போட்டால் தொற்று ஏறக்குறைய 5 மடங்கு குறைகிறது என்று ஐரோப்பிய ஆய்வு ஒன்று 2007-ல் காட்டியது. நம் மதுரை அரவிந்த் மருத்துவமனைக்காரர்கள் தங்கள் கிளைகளில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்களைப் பார்த்து 2017-ல் வெளியிட்டார்கள்: மாக்ஸிஃப்ளாக்சசின் என்ற இன்னொரு கிருமிக்கொல்லி போடாதபோது தொற்று 0.07 சதவீதம், போட்டபோது 0.02 சதவீதம். டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள், தப்பில்லை.

கன்னங்குறிச்சியிலிருந்து: வீட்டுக்கு வந்தபின் என்ன கவனிக்க வேண்டும்?

சொட்டு மருந்துக்கு முன் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். குப்பியின் முனை இமையிலோ விரலிலோ படக் கூடாது. டாக்டர் சொல்லும்வரை தலைக்குக் குளிக்க வேண்டாம். விறகடுப்புப் புகை, தோட்ட வேலைத் தூசி, சேலை முந்தானையால் கண்ணைத் துடைப்பது, எல்லாம் தள்ளி.

வலி கூடினால், கண் மேலும் சிவந்தால், நேற்றுத் தெரிந்தது இன்று மங்கினால் அன்றைக்கே போக வேண்டும். தொற்று இருந்தால் பெரும்பாலும் முதல் வாரத்துக்குள் காட்டிவிடும். எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி, ஞாயிற்றுக்கிழமை யாரைத் தொந்தரவு செய்வது என்று திங்கள்வரை வலியைப் பொறுத்துக்கொண்டார். கண்ணுக்குள் ஊசி போட்டும் பார்வை பாதிதான் திரும்பியது. டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கும் அவசர எண், வீட்டில் போன் பண்ணத் தெரிந்த ஒருவர் கையில் இருக்கட்டும்.