எதிரி மூலக்கூறு – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் அம்மாவுக்கு 61 வயது. பதினெட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். சென்ற மாதம் கண் பரிசோதனையில் இரண்டு விழித்திரைகளும் பாதிக்கப்பட்டிருக்கின்றன, வலக் கண்ணில் நடுப்பகுதி நீர் கோத்து வீங்கியிருக்கிறது என்றார்கள். கண்ணுக்குள் ஊசி போட வேண்டுமாம். ஒரு முறையோடு முடியாது, மாதாமாதம் போட வேண்டியிருக்கும் என்கிறார்கள். அம்மா அரண்டுபோயிருக்கிறார். “எனக்குத்தான் நன்றாகத் தெரிகிறதே” என்கிறார். விழித்திரையை அழிக்கும் எதிரி மூலக்கூறைக் கண்டுபிடித்து எலிகளில் தடுத்துவிட்டார்கள் என்றும், சிதைந்த விழித்திரையையே திரும்ப வளர்க்க முயல்கிறார்கள் என்றும் படித்தேன். இரண்டு மூன்று ஆண்டுகள் பொறுத்தால் சொட்டு மருந்தாகவே வந்துவிடாதா? கண் பயிற்சிகளால் பயன் உண்டா? நீங்கள் இப்போதெல்லாம் அறிவியல் எழுதுவதே இல்லையே, ஏன்?

ர.

அன்புள்ள ர.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: சோம்பல். கண் பயிற்சி பற்றி: இரத்தக் குழாய் கசிவதைக் கண்ணை உருட்டி நிறுத்த முடியாது. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமை இல்லை.

என்னை எழுத உட்கார வைத்தது ‘எதிரி மூலக்கூறு’ என்ற உங்கள் சொல். சில மாதங்களாக நானும் அதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த மூலக்கூறை அடக்கும் மருந்து என் இடக் கண்ணில் இதுவரை பதினோரு முறை இறங்கியிருக்கிறது. ஊசி போட்ட அன்று மாலை பார்வையின் அடிப்பக்கத்தில் ஒரு கரிய உருண்டை மிதக்கும். மருந்தோடு உள்ளே போன காற்றுக்குமிழிதான் அது. தலையை அசைத்தால் அதுவும் அசையும். மறுநாள் சிறுத்து, பிறகு காணாமல் போகும். அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கும் ஒருவனுக்கு யார் எதிரி, யார் நண்பன் என்று யோசிக்க நேரம் நிறையவே கிடைக்கும்.

அதன் பெயர் வி.இ.ஜி.எஃப். புதிய இரத்தக் குழாய்களை முளைக்க வைக்கும் ஒரு புரதம். நீங்களும் நானும் கருவில் உருவானபோது நம் குழாய்களைப் போட்டுக்கொடுத்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றை மட்டும் எலிக் கருவிலிருந்து நீக்கிப் பார்த்தார்கள், 1996இல். ஒரு பிரதி மிச்சமிருந்தும் கரு பிழைக்கவில்லை. இதைப் போய் எதிரி என்கிறீர்கள்.

விழித்திரை பெரும் பசிக்காரத் திசு. எடைக்கு எடை பார்த்தால் உடம்பில் அதைப்போல் ஆக்சிஜனைச் செலவழிப்பவை மிகக் குறைவு. அதிலும் ஒரு விந்தை உண்டு. மங்கிய ஒளியில் பார்க்க உதவும் கோல் செல்கள் வெளிச்சத்தில் இருப்பதைவிட இருட்டில்தான் அதிக ஆற்றலைச் செலவழிக்கின்றன. நாம் விளக்கை அணைத்துக் கண்ணை மூடிய பிறகுதான் அங்கே வேலை மும்முரமாகிறது. இந்தப் பசிக்கு ஈடுகொடுக்கும் நுண்குழாய்களைப் பெரிசைட் என்ற செல்கள் விரல்கள் பற்றியிருப்பதுபோலச் சுற்றிப் பிடித்திருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் சர்க்கரை மிகுந்த இரத்தம் ஓடும்போது அவை சாகத் தொடங்குகின்றன. பிடி விட்ட இடத்தில் குழாய் குட்டிக் குமிழாகப் புடைக்கிறது, கசிகிறது, சில இடங்களில் அடைத்தே போகிறது. அடைபட்ட குழாய்க்கு அப்பால் இருக்கும் செல்களுக்கு மூச்சு முட்டுகிறது.

மூச்சு முட்டியதும் அவை என்ன செய்கின்றன என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு செல்லும் ஒரு புரதத்தை ஓயாமல் செய்துகொண்டும், செய்த சில நிமிடங்களிலேயே அழித்துக்கொண்டும் இருக்கிறது. எச்.ஐ.எஃப் என்று அதற்குப் பெயர். அழிப்பதற்கு ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் குறைந்தால் அது அழியாமல் தேங்கி, செல்லின் உட்கருவுக்குள் போய் வி.இ.ஜி.எஃப் மரபணுவைத் தட்டி எழுப்புகிறது. செல் ஆக்சிஜனை உணரும் இந்த வழியைக் கண்டுபிடித்ததற்குத்தான் 2019இல் கெய்லின், ராட்கிளிஃப், செமென்ஸா மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, வி.இ.ஜி.எஃப் என்பது மூச்சு முட்டும் செல் போடும் கூக்குரல். “இங்கே குழாய் வேண்டும், சீக்கிரம்!” குழாய்களும் வருகின்றன. அவசரத்தில் முளைத்த அரைகுறைக் குழாய்கள். பசித்த இடத்துக்குப் போகாமல் கண்ணின் நடுவில் நிறைந்திருக்கும் கூழுக்குள் நீட்டிக்கொண்டு வளர்கின்றன. ஒரு நாள் உடைகின்றன. இதற்கு முன்பே அதே புரதம் பழைய குழாய்களின் சுவரையும் இளக்கிவிடுவதால் நடுப்பகுதியில் நீர் கோக்கிறது. உங்கள் அம்மாவின் வலக் கண்ணில் நடப்பது இந்தக் கடைசி விஷயம்.

மருந்து அந்தக் கூக்குரலை அமுக்குகிறது, அவ்வளவுதான். அடைத்த குழாய் அடைத்தபடியே இருக்கிறது, செல் மறுபடியும் கத்துகிறது. ஒரு ஊசியோடு முடியாததற்கு அதுதான் காரணம். நல்லவேளையாகப் பெரும்பாலானவர்களுக்குப் போகப் போக இடைவெளியை நீட்ட முடிகிறது. எதிரியை ஒரு முறை கொன்றால் போதும், பிறகு நிம்மதி என்று நினைப்பவர்கள்தான் மூன்றாவது ஊசியோடு சலித்து நின்றுவிடுகிறார்கள். புதுக்குழாய் முளைத்த கண்களில், ஊசியை மட்டும் நம்பிப் பாதியில் காணாமல் போனவர்களின் நிலை, லேசர் செய்துகொண்டு காணாமல் போனவர்களின் நிலையைவிட மோசமாக இருந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சொல் தப்பானால் கண் போகிறது. நான் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குவதாக உங்களுக்குத் தோன்றினால் தோன்றட்டும்.

என் அப்பா அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர். ஒரு மெய்யெழுத்தின் மேல் புள்ளி விழாமல் போனால் பக்கத்தின் மறுகோடியிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். ஒரு கட்டத்தில் அவர் பார்த்துக் கொடுத்த தாள்களில் புள்ளிகள் விடுபடத் தொடங்கின. ‘பக்கம்’ ‘பககம்’ ஆக அச்சேறியது. அச்சுக்கோப்பவரைத் திட்டினார். மையைத் திட்டினார். தாள் மட்டம் என்றார். வீட்டில் விளக்கை மாற்றச் சொன்னார். அவர் ஒரு கண்ணால்தான் படித்துக்கொண்டிருந்தார் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. அவருக்குமே தெரிந்திருந்ததா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம். ஒரு கண்ணின் குறையை மற்றொன்று அப்படி மூடிமறைத்துவிடும்.

பிறகு ஒரு காலையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். மாட்டினார், கழற்றினார், மீண்டும் துடைத்தார். “கண்ணாடியில் ஒட்டடை” என்றார். நான் வாங்கிப் பார்த்தேன், பளிச்சென்று இருந்தது. நான்கு நாட்கள் துடைத்தார். ஐந்தாம் நாள் கண்ணாடியைக் கழற்றிய பிறகும் ஒட்டடை இருந்தது. புதுக்குழாய் உடைந்து கண்ணுக்குள் இரத்தம் இழையிழையாக இறங்கிக்கொண்டிருந்தது. வலிக்கவே இல்லை. வலித்திருந்தால் போயிருப்பார்.

அன்று ஊசி கிடையாது, லேசர்தான். ஓரத்து விழித்திரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் சூடு வைத்துப் பொசுக்குவார்கள். பொசுங்கிய இடம் ஆக்சிஜன் கேட்காது, கூக்குரல் குறையும், நடுப்பார்வை பிழைக்கும். பார்வை அடியோடு போகும் வாய்ப்பை அது பாதிக்கு மேல் குறைக்கிறது என்று 1976இலேயே பெரிய ஆய்வொன்று காட்டியிருந்தது. அப்பாவுக்கு மிஞ்சியிருந்த கண் அப்படித்தான் பிழைத்தது. பகலில் என் முகம் அவருக்குத் தெரியும். அந்தி சாய்ந்தால் என் குரலை வைத்துத்தான் என்னை அறிந்தார். மெய்ப்புத் தாள்களை அதன் பிறகு அவர் தொடவில்லை.

உங்கள் அம்மா “நன்றாகத் தெரிகிறதே” என்கிறார் அல்லவா? அந்த வாக்கியத்தை எங்கள் வீட்டில் இரண்டு ஆண்டுகள் கேட்டோம். நீங்கள் படித்த பெண், ஓர் எலி ஆய்வுச் செய்தியை வைத்துக்கொண்டு அந்த வாக்கியத்துக்குத் துணை போகிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது.

எலி ஆய்வுகளை நான் இளக்காரம் செய்யவில்லை, என் கண்ணே அவற்றுக்குக் கடன்பட்டது. ஆனால் காலக்கணக்கைப் பாருங்கள். மூச்சு முட்டும் விழித்திரையிலிருந்து ஏதோ ஒரு பொருள் கசிந்துதான் புதுக்குழாய்களை வரவழைக்கிறது என்று ஐசக் மைக்கேல்சன் 1948இலேயே ஊகித்தார். 1983இல் செங்கரும் டிவோராக்கும் புற்றுக்கட்டிகளை ஆராயும்போது குழாய்களைக் கசியவைக்கும் ஒரு புரதத்தைக் கண்டார்கள். 1989இல் நெப்போலியோன் ஃபெராரா குழாய்களை வளர்க்கும் புரதத்தைப் பிரித்தெடுத்தார். இரண்டும் ஒன்றே, அதுதான் வி.இ.ஜி.எஃப் என்று தெரியவந்தது. 1994இல் நோயாளிகளின் கண்ணுக்குள் இருக்கும் திரவத்திலேயே அதை அளந்தார்கள். அதை அடக்கக் கண்ணுக்கென்றே செய்த ரானிபிசுமாப் என்ற மருந்து 2006இல் அனுமதி பெற்றது, அதுவும் முதுமையில் வரும் விழித்திரைச் சிதைவுக்கு. சர்க்கரை நோயாளிகளின் வீக்கத்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது 2012. இடையில் விழுந்தவையும் உண்டு. சர்க்கரையைச் சார்பிட்டால் என்ற பொருளாக மாற்றும் நொதியைத் தடுத்தால் போதும் என்று விலங்குகளை வைத்துப் பெரிதாக நம்பினார்கள். 1990இல் அந்த நொதியைத் தடுக்கும் சோர்பினில் மருந்தின் ஆய்வு முடிவு வெளிவந்தது. மனிதக் கண்ணில் அது நோயின் போக்கை மாற்றவில்லை.

விழித்திரையைத் திரும்ப வளர்ப்பது பற்றி: வரிக்குதிரை மீன் தன் விழித்திரையை, அதிலுள்ள நரம்புச் செல்களைத் தாங்கிநிற்கும் முல்லர் செல்களிலிருந்து தானே வளர்த்துக்கொள்கிறது. நமக்கும் முல்லர் செல்கள் இருக்கின்றன, ஆனால் காயம் பட்டால் அவை வடுவை மட்டுமே உண்டாக்குகின்றன, வளர்க்கும் திறன் உறங்கிக் கிடக்கிறது. அந்த உறக்கத்தைக் கலைக்கும் வேலை எலிகளில் நடக்கிறது, அழகான வேலை. விழித்திரைக்கென 2017இல் அனுமதி பெற்ற மரபணு சிகிச்சையும் ஆர்.பி.இ.65 என்ற ஒற்றை மரபணு பழுதானவர்களுக்கு மட்டும்தான். உங்கள் அம்மாவின் சிக்கல் ஒற்றை மரபணுவில் இல்லை.

எழுதிக்கொண்டே போய் நீங்கள் கேட்டதை மறந்தே போனேன். இரண்டு மூன்று ஆண்டுகள் பொறுக்கலாமா? கூடாது. இரண்டு மூன்று வாரங்கள்கூட வேண்டாம். ஊசிக்கு முன்னால் மரத்துப்போகச் சொட்டு மருந்து விடுவார்கள். மேலே பார்க்கச் சொல்வார்கள். ஓர் அழுத்தம் தெரியும், அவ்வளவுதான். அன்று மாலை எரிவது பெரும்பாலும் கிருமிநாசினி. மறுநாளுக்குப் பிறகும் வலி கூடினாலோ பார்வை மங்கினாலோ காத்திருக்காமல் உடனே போய்விட வேண்டும். கரிய உருண்டையைப் பற்றி அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், எனக்கு யாரும் சொல்லவில்லை, அன்றிரவு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தேன்.

இன்று வீட்டுக்குப் போனதும் அம்மாவின் இடக் கண்ணை உள்ளங்கையால் மூடி, ஏதாவது ஒரு பக்கத்தைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். புள்ளிகளை விடாமல் படிக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். ஊசிக்குத் தேதி வாங்கியதும் ஒரு வரி எழுதுங்கள். கொஞ்சம் பெரிய எழுத்தாக இருக்கட்டும்.