ஜப்பானியம் தெரிந்தவருக்குக் கொரியனில் வரும் தடுமாற்றம்

ஜப்பானிய மொழித் தேர்வில் என்4 (N4) நிலையை முடித்துவிட்டு கொரியன் தொடங்கினீர்கள், 'நண்பனைச் சந்திக்கிறேன்' என்று எழுதினால் உருபு தப்பாகிறது என்கிறீர்கள். நானும் விழுந்த குழிதான் அது.

ஜப்பானியத்தில் 'தொமொதாச்சி நி அஉ', அதாவது நண்பனுக்கு. கொரியனில் 'சிங்குருல் மன்னாயோ', நம் தமிழ் மாதிரியே நண்பனை. பிடிக்கும் என்பதும் இப்படித்தான். 'கிம்ச்சி (கொரிய ஊறுகாய்) பிடிக்கும்' என்பது ஜப்பானியத்தில் 'கிமுச்சி கா சுகி'; 'கா' எழுவாய் உருபு. அதே பழக்கத்தில் 'கிம்ச்சிகா ஜோஆஹேயோ' என்றால் தப்பு. 'கிம்ச்சிருல் ஜோஆஹேயோ' (கிம்ச்சியை) என்று சொல்ல வேண்டும். 'கா' வேண்டுமென்றால் வினையை மாற்றி 'கிம்ச்சிகா ஜோஆயோ'. ஆகவே வினையையும் உருபையும் ஒரே சொல்லாக மனப்பாடம் செய்யுங்கள். பேசுபொருளைக் காட்டும் ஜப்பானிய 'வா'வுக்குக் கொரியனில் 'உன்/நுன்', ஜப்பானிய 'கா'வுக்கு 'இ/கா' என்ற பொருத்தம் பெரும்பாலும் சரியாக வரும், அதில் நேரம் போக்காதீர்கள். நம் 'நானும்' கூட 'வதஷி மொ', 'நாதொ' என்று அப்படியே உட்காரும்.

சொற்கள் ஓசி. வாக்குறுதி அங்கே 'யகுசொகு', இங்கே 'யக்சொக்'. இரண்டும் சீனவழிச் சொற்கள்.

மரியாதையில் மட்டும் உஷார். வெளியாளிடம் தன் முதலாளியைப் பற்றிப் பேசும் ஜப்பானியர் பெயருக்குப் பின் 'சான்' என்ற மரியாதை விகுதி போடமாட்டார். கொரியர் அப்போதும் 'சஜங்நிம்' (முதலாளி அவர்கள்) என்றே சொல்வார்.

உச்சரிப்பில் தால் (நிலா), தால் (முகமூடி), த்தால் (மகள்) மூன்றையும் பிரிக்கத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. தமிழில் எழுதினால் முதல் இரண்டும் ஒன்றாகவே தெரிகிறது, பாருங்கள்! வாய்க்கு முன் ஒரு காகிதத்தைப் பிடித்துச் சொல்லிப் பாருங்கள்: முகமூடிக்கு நன்றாக ஆடணும், மகளுக்கு அசையவே கூடாது.