பால்கனி மரத்தைக் கடிக்கும் காக்கட்டூ

சிட்னியில் சூரியகாந்தி விதை வைக்கத் தொடங்கிய பிறகு மஞ்சள் கொண்டைக் காக்கட்டூக்கள் (பெரிய வெள்ளைக் கிளி வகை) பால்கனிக் கைப்பிடியைச் சிராய் சிராயாக உரித்துவிட்டன என்கிறீர்கள். முதலில் விதையை நிறுத்துங்கள். சில நாள் கத்தித் தீர்க்கும், இரங்கிவிடாதீர்கள். அலகு வளர்ந்துகொண்டே இருப்பதால் அவை எதையாவது கடித்தே ஆகவேண்டும். கைப்பிடிமேல் தகடு அடித்தது எங்களுக்குப் பலித்தது. சட்டப் பாதுகாப்புள்ள பறவை, காயப்படுத்திவிடாதீர்கள்.

குப்பைத்தொட்டியையும் கவனியுங்கள். 2018க்கு முன் மூன்று புறநகர்களில் மட்டும் தெரிந்த மூடி திறக்கும் வித்தை, ஒன்றைப் பார்த்து ஒன்று கற்று, 2019 இறுதிக்குள் 44 புறநகர்களுக்குப் பரவிவிட்டது. மூடிமேல் செங்கல் வைத்தேன். தள்ளிவிட்டு என்னையே பார்த்தது. திருட்டுப்பயல்! ஆனால் மழையில் கம்பியில் தலைகீழாகத் தொங்கிச் சிறகு விரிக்கும்போது காபி ஆறுவதுகூடத் தெரியாமல் நின்றுவிடுகிறேன்.